அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது?



போன மாதம் கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது 78. கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பழைய டெஸ்க்டாப். பென்ஷன் கணக்கு, கோயில் திருப்பணி வரவு செலவு, பேத்தி கல்யாணப் படங்கள், நான்கு தலைமுறை வம்சாவளி எல்லாம் அதற்குள்தான். நான் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, பொங்கலுக்குத்தான் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டேன். அப்டேட் ஆகலை, அப்டேட் ஆகலைன்னு தினமும் சிவப்புப் பெட்டி வருது. கடையில கேட்டா வேற ஒண்ணு வாங்குங்க சார்ங்கறான். என்னை ஏமாத்திட்டானா?"

"பெட்டியில என்ன எழுதியிருந்தது பெரியப்பா?"

"என்னமோ இங்கிலீஷ்ல இருந்தது. பயந்துபோய் மூடிட்டேன்."

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்தவர் அவர். மொழி தெரியாமல் மூடவில்லை. சிவப்பைப் பார்த்ததும் கை தானாகப் பெருக்கல் குறிக்குப் போய்விட்டது. நம்மில் எத்தனை பேர் அப்படி இல்லை?

கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையின் வலது மூலையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தேதி, 2012 ஜனவரி 1 என்று இருந்தது.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பெரியப்பா தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். பேட்டரியின் உயிர் எப்போதோ போய்விட்டது. காலையில் கம்ப்யூட்டர் விழிக்கும்போதெல்லாம் அதற்கு 2012 புத்தாண்டு.

இதற்கும் ஆன்டிவைரஸுக்கும் என்ன சம்பந்தம்? அப்டேட் வாங்கப் போகும்போது, எதிரில் இருக்கும் சர்வர் உண்மையான கம்பெனியுடையதுதானா என்று ஆன்டிவைரஸ் சரிபார்க்கும். சர்வர் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று இருக்கும். 2012-இல் நின்றுகொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு, இந்த வருஷம் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. போலி என்று நினைத்துத் தொடர்பைத் துண்டித்துவிடும். அப்டேட் எப்படி ஆகும்?

பெரிய கடைத் தெருவில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் சி.ஆர். 2032 என்று கேட்டு வாங்கினேன். இரண்டு காபி விலைதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒட்டடையைத் துடைத்துவிட்டு, பழைய பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தோம். எழுத்து இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி புதியதை அழுத்தியதும் 'டிக்' என்று உட்கார்ந்தது. தேதியைச் சரிசெய்த இரண்டாவது நிமிஷம் அப்டேட் ஓட ஆரம்பித்தது. பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பஸ்ஸில் திரும்பி வரும்போது, நமக்கு வரும் கடிதங்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். 'வைரஸ் வந்துவிட்டது' என்று எழுதுகிறவர்களைவிட, 'ஆன்டிவைரஸ் தொல்லை தாங்கவில்லை, எடுத்துவிடலாமா?' என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். கேட்காமலே எடுத்துவிட்டவர்கள் இன்னும் எத்தனை பேரோ. வாசலில் காவல்காரர் அடிக்கடி குரல் கொடுக்கிறார் என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோமா? என்ன சொல்கிறார் என்று முதலில் காது கொடுத்துக் கேட்போம் இல்லையா? அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அதிகம் வரும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளை காலேஜில் சேர்ந்ததும் லேப்டாப் வாங்குகிறோம். கம்பெனியே ஒரு ஆன்டிவைரஸை உள்ளே போட்டுக் கொடுத்திருக்கும். அது வெறும் ட்ரையல். ஒன்றிரண்டு மாதம் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு, 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, ஆபத்தில் இருக்கிறீர்கள்' என்று தினமும் எழுப்பும். ஒரு வீட்டில் பதறிப்போய் உடனே பணம் கட்டுகிறார்கள். இன்னொரு வீட்டில், வரும்போதெல்லாம் மூடிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸுக்குள்ளேயே ஆன்டிவைரஸ் இருக்கிறது. டிஃபெண்டர் என்று பெயர். தனியாகக் காசு கிடையாது. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் இது தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதை எடுத்தால் தானாக வேலைக்குத் திரும்பும். ஆகவே, காலாவதியான ட்ரையலுக்குப் பணம் கட்டும் எண்ணம் இல்லையென்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அதை முறையாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து பாருங்கள். பச்சை டிக் இருந்தால் கவலை இல்லை. செத்துப்போன ஆன்டிவைரஸின் மிச்சம் மீதி உள்ளே கிடந்து டிஃபெண்டரை எழவிடாமல் செய்வதும் உண்டு. அதற்கென்றே பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் தளத்தில் ஒரு ரிமூவல் டூல் வைத்திருக்கின்றன. அதை ஒருமுறை ஓட்டினால் சுத்தமாகிவிடும்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்குவதே வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். நம் சென்னையிலேயே 1991 முதல் கே7 இருக்கிறது. புனேயில் குவிக் ஹீல் இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கும் தளங்களைக் கட்டுப்படுத்துவது, கோளாறு வந்தால் போனில் கேட்க ஒரு ஆள் இருப்பது என்று சில வசதிகள் அவற்றில் கிடைக்கும். வேண்டுமென்றால் வாங்குங்கள். பயந்துபோய் வாங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே' என்று இரண்டு ஆன்டிவைரஸ் போடாதீர்கள். நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்ததும் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு சோதிக்கப் பார்க்கும். ஒன்று தனிமைப்படுத்தி வைத்திருக்கும் வைரஸை இன்னொன்று புதிதாகக் கண்டுபிடித்துக் கூச்சல் போடும். ஒரு வேர்டு ஃபைல் திறக்க நாலு நிமிஷம் ஆகிறது என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னோம். மூன்று இருந்தன. மகன் போட்டது, கடைக்காரர் போட்டது, எதையோ டவுன்லோடு செய்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டை எடுத்தபின் கம்ப்யூட்டர் சொன்ன பேச்சு கேட்கிறதாம்.

மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் கம்ப்யூட்டரை எப்போது போடுகிறோம்? பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்க, பத்திரத்துக்கு வில்லங்கம் பார்க்க, பத்து நாளைக்கு ஒருமுறை அவசரத்தில் போடுகிறோம். பத்து நாள் பாக்கி அத்தனையும் அந்த முதல் அரைமணி நேரத்தில்தான் நடக்கும். விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் அப்டேட், விட்டுப்போன ஸ்கேன் எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். நாமோ, 'இந்த ஆன்டிவைரஸ்தான் எல்லாத்துக்கும் காரணம்' என்று அதை ஆஃப் செய்துவிடுகிறோம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அங்கே தெரியும். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்று ஒன்று மேலே நிற்கக்கூடும். பெயரைப் பார்த்து அதுவே வைரஸ் என்று நினைத்துவிட்டேன் என ஒருவர் எழுதியிருந்தார். இல்லை, டிஃபெண்டர் வேலை செய்யும்போது அந்தப் பெயரில்தான் தெரியும். ஓட விடுங்கள். வாரத்தில் ஒரு நாள், சமையல் நடக்கும் நேரத்திலோ துணி காயப்போடும் நேரத்திலோ, ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டோடு சும்மா போட்டு வையுங்கள். பாக்கி தீர்ந்துவிடும். அவசரத்துக்குப் போடும்போது தொந்தரவு செய்யாது.

ஃபுல் ஸ்கேன் என்பது கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் எடுத்துப் பார்ப்பது. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் பல மணி நேரம்கூட ஆகும். சந்தேகம் வந்தால் மட்டும் அதைச் செய்தால் போதும். மற்ற நாட்களில் குவிக் ஸ்கேன் போதுமானது. சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் அப்டேட் நிற்கும். கல்யாண வீடியோக்களை வேறு டிரைவுக்கு மாற்றி இடம் கொடுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள், 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க விண்டோஸ் பல அப்டேட்களைத் தள்ளிப்போட்டுவிடும்.

இனி பென்டிரைவ் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால், கண்ணீரோடு வரும் கடிதங்கள் இதைப் பற்றியவைதான்.

பிள்ளையின் புராஜெக்ட்டை பென்டிரைவில் போட்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் பிரின்ட் எடுக்கப் போகிறோம். நூறு பேர் பென்டிரைவ் சொருகிய கம்ப்யூட்டர் அது. வீட்டுக்கு வந்து சொருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. ஐகானின் இடது மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி. அதைத் தட்டினால் ஃபோல்டர் திறக்கவும் செய்யும். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த ஒரு தட்டலில், ஒளிந்திருக்கும் வைரஸும் சேர்ந்து ஓடிவிடும். நிஜமான ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் பொய் ஷார்ட்கட்டை உட்கார வைப்பதுதான் அதன் வேலை.

வீட்டில் நல்ல ஆன்டிவைரஸ் இருந்தால் அந்த ஷார்ட்கட்டைப் பிடித்துத் தூக்கிவிடும். அடுத்த நிமிஷம் பென்டிரைவ் காலியாகத் தெரியும். 'ஐயோ, ஆன்டிவைரஸ் என் மகள் புராஜெக்ட்டை அழித்துவிட்டது' என்று எத்தனை அம்மாக்கள் எழுதியிருக்கிறார்கள்! ஒன்றும் அழியவில்லை, அம்மா. பென்டிரைவின் ப்ராபர்ட்டீஸைப் பாருங்கள். காலி என்று தெரியும் டிரைவில் இரண்டு ஜிபி இடம் பிடிபட்டிருக்கும். உங்கள் ஃபைல்கள் உள்ளேயேதான் இருக்கின்றன. ஒளிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' என்பதற்குள் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்று இருக்கும். அதை டிக் செய்யுங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற வரியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் திணித்து வைத்திருக்கும். அதையும் திறந்து பாருங்கள். முதலில் பென்டிரைவை முழுவதுமாக ஸ்கேன் செய்யுங்கள். பிறகு உங்களுடைய படம், டாகுமென்ட் இவற்றை மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். எடுத்துவிட்ட டிக்கை மறக்காமல் திரும்பப் போடுங்கள். அந்த டிக் மறைத்து வைப்பது விண்டோஸின் சொந்த ஃபைல்களை, பிள்ளைகள் அவற்றைத் தெரியாமல் அழித்துவிடக்கூடாது.

ஜெராக்ஸ் கடைக்கு ஒரு யோசனை: பிரின்ட்டுக்கென்று ஒரு பழைய பென்டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேறெதுவும் வேண்டாம்.

ஆன்டிவைரஸ் தவறே செய்யாதா? செய்யும். எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. ஒரு நாள் காலை, பக்க வடிவமைப்பாளரின் கம்ப்யூட்டரில் தமிழ் வரவே இல்லை. எந்த விசையை அழுத்தினாலும் இங்கிலீஷ் எழுத்து. இதழ் அச்சுக்குப் போக வேண்டிய நாள். கீபோர்டை மாற்றினோம், ஃபான்ட்டை மாற்றினோம். கடைசியில் ஆன்டிவைரஸின் 'குவாரன்டைன்' பட்டியலைத் திறந்தால், எங்கள் தமிழ் டைப்பிங் மென்பொருள் அங்கே சிறையில் இருக்கிறது!

யோசித்தால் காரணம் புரியும். தமிழ் டைப்பிங் மென்பொருள் என்ன செய்கிறது? நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடையில் பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறது. பாஸ்வேர்டு திருடும் கீலாகர் என்ன செய்கிறது? அதுவும் ஒவ்வொரு விசையையும் இடையில் பிடிக்கிறது. நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிந்துவிட்டது.

உடனே வெளியே எடுத்துவிட்டோமா? இல்லை. அந்த மென்பொருளை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே புதிதாக இறக்கினோம். வைரஸ்டோட்டல் என்ற இலவசத் தளத்தில் அந்த ஃபைலை ஏற்றினோம். சுமார் 70 ஆன்டிவைரஸ் ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் பார்த்துக் கருத்துச் சொல்லும் இடம் அது. இரண்டு மட்டும் சந்தேகப்பட்டன, மற்றவை எல்லாம் சுத்தம் என்றன. அதன்பிறகுதான் அனுமதி கொடுத்தோம். ஓர் எச்சரிக்கை: அந்தத் தளத்தில் ஏற்றுவதை மற்றவர்களும் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் அங்கே ஏற்றிவிடாதீர்கள்.

பெரிய கம்பெனிகளும் இந்தத் தவறுக்கு விலக்கு இல்லை. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கிவிட்டது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. அது நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள், நம் வீட்டுக்கு வருவதில்லை. ஆனாலும், காவல்காரரும் மனிதர் செய்த ஏற்பாடுதான் என்பதைக் காட்டுகிறது. முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவைத்தால், யார் தவறு செய்தாலும் நம் வீட்டு நினைவுகள் போகாது.

அடுத்து சொல்லப்போவதை எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் எழுதாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்ததாக ஆகாது.

சர்வீஸுக்குக் கொடுத்துத் திரும்பி வந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றில் இருப்பது திருட்டு விண்டோஸ். அதை உயிர்ப்பிக்க ஒரு குறுக்குவழி மென்பொருள் போடுவார்கள். டிஃபெண்டர் அதைப் பிடிக்கும். பிடிக்காமல் இருக்க, 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரையோ, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமோ சேர்த்துவிடுவார்கள். அப்புறம் என்ன? பச்சை டிக் அழகாகத் தெரியும். ஸ்கேன் செய்தால் எதுவுமே இல்லை என்று வரும். காவல்காரர் வாசலில் நிற்கிறார், கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கேம் கிராக் போடும்போதும் இதேதான் நடக்கிறது. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று ஒரு மென்பொருள் கேட்டால், 'கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்' என்று ஒருவர் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இன்றே பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்', அதற்குள் 'மேனேஜ் செட்டிங்ஸ்', அதன் கீழே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு, ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள். 'இந்த செட்டிங்கை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டுப்படுத்துகிறார்' என்று வருகிறதா? ஆபீஸ் லேப்டாப்பில் வந்தால் சரி. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நீங்கள்தானே அட்மினிஸ்ட்ரேட்டர்? அப்படியானால் வேறு யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று அங்கேயே இருக்கிறது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் ஆகும். பிடிவாதமாக ஒளிந்திருப்பவை அதில்தான் சிக்கும். அதிலும் தீரவில்லையென்றால், ஃபைல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு அசல் விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி.

கடைசியாக, ஆன்டிவைரஸே இல்லாத ஆன்டிவைரஸ் எச்சரிக்கை. திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் போனில் பேசினார். டிஃபெண்டரைத் தவிர வேறெதுவும் வைத்துக்கொள்ளாதவர். ஆனால், 'ஐந்து வைரஸ் இருக்கிறது, உடனே ரினியூ செய்யுங்கள்' என்று ஒரு பிரபலக் கம்பெனியின் சின்னத்தோடு தினமும் வருகிறதாம். "பெட்டியோட ஓரத்துல என்ன எழுதியிருக்கு, பாருங்க சார்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து படித்தார். குரோம் என்றும், கூடவே வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயரும் இருந்தன.

அவ்வளவுதான் விஷயம். என்றோ ஒரு நாள் சீரியல் பார்க்கவோ பாட்டு இறக்கவோ ஏதோ தளத்துக்குப் போனபோது 'அலவ்' என்று தட்டியிருக்கிறார். அந்தத் தளம் அனுப்பும் விளம்பர நோட்டிஃபிகேஷன் இது. குரோமில் செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி கொடுத்த பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டால் மறுநாளே அமைதி.

திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் ஒலிக்க, ஒரு போன் நம்பரைக் காட்டும் பக்கம் இதைவிடக் கொடியது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. நம்பர் இருந்தால் அது மோசடிதான், யோசிக்கவே வேண்டாம். ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மூடவில்லையென்றால் முன்பு சொன்ன டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை 'எண்ட் டாஸ்க்' செய்யுங்கள். அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொன்ன ரிமோட் ஆப்பையும் போட்டுவிட்டீர்களா? இன்டர்நெட்டை உடனே துண்டியுங்கள். பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிஷமே போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. வீட்டில் யாராவது திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களும் தயவுசெய்து திட்டாதீர்கள். பெரியவர்கள் மறைப்பதால்தான் அந்த அருமையான முதல் ஒரு மணி நேரம் வீணாகிறது.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வான்னாக்ரை என்ற வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு, மார்ச் மாதமே அடைப்பு வந்துவிட்டது. அந்த அப்டேட்டைப் போடாத கம்ப்யூட்டர்களில்தான் அது புகுந்தது. சுவரில் ஓட்டை இருந்தால் வாசல் காவல் மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பெரியப்பாவிடம் ஒரு காரியம் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். எந்தப் பெட்டி வந்தாலும் மூடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அவர் அதற்கு மேலேயே போய்விட்டார். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. தேதி, நேரம், பெட்டியில் என்ன எழுதியிருந்தது, என்ன செய்தேன் என்று நாலு பத்தி போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதி வைக்கிறார். போன வாரம் போனில் வாசித்துக் காட்டினார். ஒன்பது பதிவுகள். அதில் ஏழு, 'அப்டேட் முடிந்தது' என்ற நல்ல செய்தி. "இத்தனை நாளா இதைத்தான் படிக்காம மூடிக்கிட்டு இருந்தேனாம்மா?" என்றார்.

நீங்களும் எங்களுக்கு எழுதுங்கள். 'ஆன்டிவைரஸ் சரியில்லை' என்று மட்டும் எழுதாமல், பெட்டியில் இருந்த வாசகத்தை எழுத்து மாறாமல் எழுதுங்கள். எந்த விண்டோஸ், எத்தனை வருஷத்துக் கம்ப்யூட்டர், கடைசியாக என்ன புதிதாகப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு, லைசென்ஸ் எண் இரண்டும் வேண்டாம். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு, அடுத்த இதழ் முதல் ஒரு பக்கத்தில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்